வலப்பக்கம் இழுத்தால் இடது சக்கரத்தைக் கழற்றுங்கள்

குன்னூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். வண்டி 1959 மாடல் மோரிஸ் மைனர் 1000. ஆறு வருடம் ஷெட்டிலேயே நின்றிருந்ததை வாங்கி, இன்ஜினை ஓட வைத்துவிட்டார். பிரேக்கை மிதித்தால் வண்டி வலப்பக்கம் போகிறது. உள்ளூர் மெக்கானிக் வலது முன்சக்கரத்தின் ஷூக்களை (சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் வளைந்த கட்டைகள்) கொஞ்சம் தளர்த்திவிட்டார். இழுப்பு குறைந்தது, ஆனால் இப்போது பெடல் பாதிக்கு மேல் கீழே போகிறது. மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் உருளை) போய்விட்டது, அதை மாற்ற வேண்டும் என்கிறாராம். மாற்றலாமா?

மாற்றாதீர்கள். குறைந்தபட்சம் இந்தக் காரணத்துக்காக மாற்றாதீர்கள்.

மைனரில் பிரேக்குக்கு ஆயில் போகும் குழாய்ச் சுற்று ஒன்றே ஒன்றுதான். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் அழுத்தம் நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவில் போய்ச் சேரும். அதற்கு இடது, வலது தெரியாது. அது கெட்டால் கெடுதல் நான்கு சக்கரத்துக்கும் பொதுவாகத்தான் வரும். பெடலை மிதித்தபடியே வைத்திருந்தால் மெல்ல மெல்ல இறங்கும், அல்லது எல்லாச் சக்கரமும் பிடித்துக்கொண்டு விடாது. ஒரு பக்கம் மட்டும் இழுப்பதற்கு அது காரணமாக இருக்க முடியாது. போதாததற்கு, இந்த வண்டியில் அந்தச் சிலிண்டர் டிரைவர் காலடியில், தரைக்குக் கீழே சேஸிஸுக்குள் ஒளிந்திருக்கிறது. போல்ட்டை உருவ விடாமல் டார்ஷன் பார் (முன் சஸ்பென்ஷனுக்கு ஸ்பிரிங்காக இருக்கும் கம்பி) குறுக்கே நிற்கும். ஒரு நாள் முழுக்கப் போகும் வேலை. தேவையில்லாமல் அந்த வேலையில் இறங்கிய பலரை எனக்குத் தெரியும். நானும் ஒருமுறை இறங்கியிருக்கிறேன்.

பெடல் கீழே போவதற்கும் காரணம் வேறு. ஷூவைத் தளர்த்தியதும் லைனிங்குக்கும் (ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டை) டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது. அந்த இடைவெளி அடையும்வரை அழுத்தம் ஏறாது, அதுவரை பெடல் இறங்கிக்கொண்டே இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஹைட்ராலிக் பிரேக்கில் அட்ஜஸ்டர், அதாவது ஷூவைத் தளர்த்தவும் இறுக்கவும் உள்ள திருகு, ஷூ எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதைத்தான் மாற்றுகிறது. எவ்வளவு பலத்தோடு அழுத்த வேண்டும் என்பதை அது மாற்றாது. ஷூ டிரம்மைத் தொட்ட பிறகு பழைய கதைதான். இழுப்பு குறைந்ததாக உங்களுக்குத் தோன்றியது, மொத்தமாகவே பிரேக் குறைந்துபோனதால். நாளைக்கு ஒரு மாடு குறுக்கே வந்து நீங்கள் முழு பலத்தோடு மிதித்தால் அதே இழுப்பு திரும்ப வரும், அதுவும் எதிரே வரும் லாரியின் பக்கமாக.

ஆகவே முதல் வேலையாக அந்த வலது அட்ஜஸ்டர்களைச் சரியான நிலைக்குக் கொண்டுவாருங்கள். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

இனி இழுப்புக்கு வருவோம். மாட்டுவண்டியில் வலது மாட்டின் கயிற்றைப் பிடித்து நிறுத்தினால் வண்டி வலப்பக்கம் திரும்பும். காரும் அப்படித்தான், எந்தப் பக்கம் அதிகம் பிடிக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பும். உங்கள் வண்டியில் இடதைவிட வலது அதிகம் பிடிக்கிறது. வலது அளவுக்கு மீறிப் பிடிக்கிறதா, இடது பிடிக்க வேண்டிய அளவுக்குப் பிடிக்கவில்லையா என்பதுதான் கேள்வி. ஆறு வருடம் நின்ற வண்டி என்றால் நான் இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். வலது சக்கரம் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. உங்கள் மெக்கானிக் அதைப் பிடித்துத் தண்டித்துவிட்டார்.

சின்ன வித்தியாசம்கூட இவ்வளவு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் டிரம் பிரேக்கின் அமைப்பு. ஷூவின் தள்ளப்படும் முனை, சக்கரம் சுழலும் திசையிலேயே டிரம்மில் போய்ப் பதிந்தால், சுழற்சியே அந்த ஷூவை மேலும் உள்ளே இழுத்து அழுத்தும். நம் கால் கொடுக்கும் பலத்தோடு சக்கரத்தின் பலமும் சேர்ந்துகொள்கிறது. மைனரின் முன்சக்கரங்களில் இரண்டு ஷூவுமே இப்படித்தான் அமைந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் அதைத் தள்ளும் தனித்தனி வீல் சிலிண்டர். மிதிபலத்தைக் கூட்டும் சர்வோ எதுவும் இல்லாமல், சுமார் 750 கிலோ வண்டியை 7 அங்குல டிரம் நிறுத்துகிறது என்றால் இந்த ஏற்பாட்டால்தான். (1962-ல் 1098 சிசி இன்ஜின் வந்தபோது முன் டிரம்மை 8 அங்குலமாக்கினார்கள். உங்களுடையது 59 என்பதால் 7 இருக்க வேண்டும். யாராவது மாற்றிப் பூட்டியிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவுதானா என்று அளந்துவிடுங்கள்.) தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் இந்தக் குணம் நல்லதை மட்டும் பெருக்குவதில்லை. ஒரு பக்க லைனிங்கின் பிடிமானம் கொஞ்சம் குறைந்தால் அந்தப் பக்கப் பெருக்கமும் சேர்ந்து குறையும். டிஸ்க் பிரேக்கில் இந்தப் பெருக்கம் கிடையாது. அதனால் அங்கே இதே அளவு கோளாறு வெளியே தெரியாமலேகூடப் போய்விடும்.

ரிவர்ஸில் முன் ஷூக்கள் இரண்டும் எதிர்த் திசையில் வேலை செய்வதால் பிரேக் மந்தமாக இருக்கும். மைனருக்கு அது இயல்பு, அதைக் கோளாறு என்று எண்ணி எதையும் பிரிக்க வேண்டாம்.

கழற்றுவதற்கு முன் அரை மணி நேரம் சோதனைக்குக் கொடுங்கள். முன் டயர் இரண்டிலும் காற்று சமமா? இரண்டும் ஒரே வகையா? ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் பழைய கிராஸ்பிளை என்று ஓடும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், நம் சாலைகள் ஓரத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும். இடப்பக்கம் ஓட்டும்போது வண்டி தானாகவே கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கும். அந்தச் சரிவையும் மீறி உங்கள் வண்டி வலது பக்கம் போகிறது என்றால் இழுப்பு உண்மையானது, சிறியதும் அல்ல. இருந்தாலும் குன்னூரில் சமதளம் கிடைப்பது கஷ்டம் என்பதால், ஏதாவது மைதானத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு திசையிலும் ஓட்டி மிதித்துப் பாருங்கள்.

அப்போது இழுப்பு எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள். கையில் ஸ்டீயரிங்கைப் பிடுங்குவதுபோல் வந்தால் கோளாறு முன்சக்கரத்தில். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து, உட்கார்ந்திருக்கும் இடத்தில் வண்டியின் பின்புறம் ஒதுங்குவதுபோல் இருந்தால் பின்சக்கரத்தையோ பின் ஆக்ஸிலையோ பார்க்க வேண்டும். நேரத்தையும் கவனியுங்கள். மிதித்த உடனே இழுத்து, ஒரு நொடியில் நேராகிவிட்டால், எதிர்ப்பக்கத்துக்கு அழுத்தம் தாமதமாகப் போகிறது. எவ்வளவு மிதித்தாலும் கடைசிவரை இழுத்தால், எதிர்ப்பக்கத்தில் பிடிமானமே குறைவு. இன்று வலது, நாளை இடது என்று மாறி மாறி இழுத்தால் பிரேக்கை விட்டுவிட்டு சஸ்பென்ஷனைப் பாருங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய இன்னொரு சோதனை உண்டு. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிக லேசாக மிதித்துப் பிடித்திருக்க, நீங்கள் இரண்டு சக்கரத்தையும் கையால் சுழற்றிப் பாருங்கள். ஒன்று இறுகி, மற்றது சுழன்றால் சோம்பேறி யார் என்று தெரிந்துவிடும். பெடலை விட்டதும் இரண்டும் ஒரே நேரத்தில் விடுபடுகின்றனவா என்றும் பாருங்கள்.

உங்கள் வண்டியில் அது இடது முன்சக்கரமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், கம்ப்ரசர் காற்றும் அடிக்காதீர்கள். அந்தக் கால லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். பட்டறைகளில் இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் நுரையீரல் உங்களுடையது.

நின்ற வண்டிகளில் முதல் குற்றவாளி வீல் சிலிண்டர். பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெய் அல்ல, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம். வருடக்கணக்கில் நின்றால் அந்த ஈரம் சிலிண்டரின் உள்சுவரில் துருவாகும், பிஸ்டன் அங்கேயே உறைந்துவிடும். மைனரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. முன்சக்கரம் ஒன்றுக்கு இரண்டு சிலிண்டர் என்று சொன்னேன் அல்லவா? அதில் ஒன்று உறைந்து மற்றது நன்றாக இருந்தால், சக்கரம் பிடிக்கத்தான் செய்யும், ஆனால் பாதிதான் பிடிக்கும். டிரம்மை எடுத்து, ஒரு ஷூ நகர்வதைப் பார்த்துவிட்டு "சரி, வேலை செய்கிறது" என்று மூடிவிடுவார்கள். இரண்டு ஷூவையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். டிரம் இல்லாத நிலையில் ஒருவர் பெடலை அரை அங்குலம் மட்டும் மிதிக்க, எது நகர்கிறது, எது சும்மா நிற்கிறது என்று பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் போனால் நகரும் பிஸ்டன் வெளியே வந்து விழும். பிறகு ஆயிலைத் தரையிலிருந்து துடைக்க வேண்டியிருக்கும்.

உறைந்த சிலிண்டரைப் பிரித்தால் உள்சுவரை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வெறும் கறை என்றால் மிக நைஸான உப்புத்தாளால் சுற்றுவாக்கில் துடைத்து, புது ரப்பர் கப் போட்டு ஓட்டலாம். நகம் மாட்டும் அளவுக்குக் குழி இருந்தால் அதில் புது கப் போடுவது வீண், சில மாதத்தில் கசியும். மைனருக்கு உதிரிபாகம் இங்கிலாந்தில் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. 16 லட்சத்துக்கு மேல் தயாரான வண்டி, அங்கே இன்னும் நிறையப் பேர் ஓட்டுகிறார்கள். காத்திருக்க முடியாது என்றால் சிலிண்டரைக் குடைந்து ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போடும் லேத்காரரைப் பிடியுங்கள். கோயம்புத்தூர் உங்களுக்குப் பக்கம்தானே. ஸ்லீவ் போட்டால் உள்விட்டம் பழைய அளவிலேயே இருக்கிறதா என்று வாங்கும்போதே அளந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் பெரிய துளை, ஒரு பக்கம் சிறிய துளை என்றானால் அதே அழுத்தத்தில் வெவ்வேறு பலம் வரும். இழுப்பைச் சரிசெய்யப் போய் இழுப்பை விலைக்கு வாங்கிய கதையாகிவிடும்.

ரப்பர் சம்பந்தப்பட்ட எதையும் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதீர்கள். கப் ஊதிவிடும். ஸ்பிரிட்டோ புது பிரேக் ஆயிலோ போதும். பூட்டும்போது தடவுவதற்கும் சாதாரண கிரீஸ் ஆகாது, ரப்பருக்கென்றே விற்கும் சிவப்பு கிரீஸைத்தான் தடவ வேண்டும்.

அடுத்தது, சக்கரத்துக்கு பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் ஹோஸ். வெளியே பளபளவென்று இருக்கும் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்துக்கொண்டிருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காலின் பலத்தில் ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு மெதுவாக உள்ளே போகும். திரும்பி வருவதற்கு ஷூ ஸ்பிரிங்கின் பலம்தான் இருக்கிறது, அது போதாது. எனவே இப்படிப்பட்ட ஹோஸ் இரண்டு விதமாக ஏமாற்றும். மிதிக்கும்போது அந்தப் பக்கம் தாமதமாகப் பிடிப்பதால் வண்டி எதிர்ப்பக்கம் இழுக்கும். காலை எடுத்த பிறகு அந்தப் பக்கம் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் அந்தப் பக்கமே இழுக்கும். வண்டிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று தோன்றும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சிறிது தூரம் ஓட்டிவிட்டு டிரம்மின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடாதீர்கள், கொப்பளித்துவிடும். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அது விடாமல் தேய்கிறது. அந்தச் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் இறுக்கமாக இருக்கும். இப்போது பிளீடிங் நிப்பிளை (சக்கரத்தருகே ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சிறு திருகு) திறந்துவிடுங்கள். ஆயில் சிறிது பீய்ச்சி அடித்துச் சக்கரம் உடனே விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்று அர்த்தம். ஒரே ஒரு முன்சக்கரத்தில் மட்டும் இப்படி என்றால் ஹோஸ்தான். திறந்தும் சக்கரம் விடுபடவில்லை என்றால் கோளாறு ஷூவிலோ உறைந்த பிஸ்டனிலோ இருக்கிறது. மைனரில் ஹோஸ் மொத்தம் மூன்று: முன்னால் ஆளுக்கு ஒன்று, பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் பொதுவாக ஒன்று. பின் ஹோஸ் பொது என்பதால் அது அடைத்தாலும் ஒரு பக்க இழுப்பு வராது. ஆனாலும் கழற்றுவதே கழற்றுகிறீர்கள், மூன்றையும் மாற்றிவிடுங்கள். ரப்பருக்கு வயது என்று ஒன்று உண்டு.

லைனிங்கில் கவனிக்க வேண்டியது பிசுக்கு. முன்னால் ஹப்பில் கிரீஸை அள்ளித் திணித்திருந்தால் சூட்டில் உருகி லைனிங்குக்கு வரும். வீல் சிலிண்டர் கசிந்தால் பிரேக் ஆயில் வரும். பின்னால் ஆக்ஸில் ஆயில் சீல் கசிவது மைனரில் அடிக்கடி நடப்பது, கியர் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் இன்னும் சீக்கிரம் கசியும். கிரீஸ் பட்ட லைனிங் வழுக்கும், வண்டி எதிர்ப்பக்கம் இழுக்கும். பிரேக் ஆயில் பட்டது கொஞ்சம் விவகாரமானது. முதலில் வழுக்கும், சூட்டில் காய்ந்து பசையானதும் சட்டென்று கவ்வும். இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் தலைப்பில் சொன்னது தலைகீழாகும், இழுக்கும் பக்கத்திலேயே கோளாறு இருக்கும். அதனால் இடது சரியாக இருந்தால் வலது டிரம்மையும் ஒருமுறை திறந்து பார்க்கத்தான் வேண்டும். பிசுக்கு ஏறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, தீயில் வாட்டித் திரும்பப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும். உள்ளே ஊறியது மறுபடி சூடானதும் வெளியே வரும். லைனிங்கை மாற்றுங்கள். கசிவை நிறுத்தாமல் மாற்றினால் அதுவும் வீண்.

மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். நான்கு ஷூவுக்கும் ஒரே தயாரிப்பு, ஒரே தரம். இடதுக்குப் புதிது, வலதுக்குப் பழையது என்று போட்டால் இழுப்பு நிச்சயம். ஷூக்களைப் பட்டறையில் கொடுத்து லைனிங் ஒட்டவோ ரிவிட் அடிக்கவோ சொன்னால், நான்குக்கும் ஒரே பட்டையிலிருந்து வெட்டிப் போடச் சொல்லுங்கள்.

டிரம்மில் கோடு விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சீவுவார்கள். எனக்கு ஒருமுறை நடந்தது: மோசமான ஒன்றை மட்டும் கொடுத்தேன், அவரும் ஒன்றை மட்டும் சீவிக் கொடுத்தார், நானும் சந்தோஷமாகப் பூட்டினேன். சீவிய டிரம் விட்டத்தில் பெரிதாகிவிட்டது. ஷூவின் வளைவு பழைய அளவுக்கானது. பெரிய வட்டத்துக்குள் சின்ன வளைவு நடுவில் மட்டும்தான் தொடும். ஒரு பக்கம் முழு லைனிங்கும் பதிய, மறுபக்கம் உள்ளங்கை அகலம் மட்டும் பதிந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சாக்பீஸ் போதும். லைனிங் முழுவதும் சாக்பீஸைத் தேய்த்து, டிரம்மைப் பூட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்தபடி சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே மட்டும்தான் தொடுகிறது. மேடான இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, திரும்பத் திரும்பப் பார்த்து, பெரும்பகுதி பதியும்வரை கொண்டுவரலாம். பொறுமையான வேலை, சாயங்காலம் டீயோடு செய்யத் தோதானது. டிரம்களை எப்போதும் ஜோடியாகவே சீவுங்கள், இரண்டும் ஒரே விட்டத்துக்கு.

இவ்வளவும் செய்தும் இழுத்தால்? எனக்கு அதுவும் நடந்தது. சிலிண்டர் புதிது, ஹோஸ் புதிது, லைனிங் புதிது, டிரம் சீவியாகிவிட்டது, ஆனாலும் வண்டி ஒரு பக்கம் போனது. ஓய்வுபெற்ற ஒரு லாரி டிரைவர், எங்கள் தெருக்காரர், அவர்தான் சொன்னார்: "நீ ஓட்டு தம்பி, நான் வெளிய நின்னு சக்கரத்தைப் பாக்குறேன்." நடந்து போகும் வேகத்தில் ஓட்டி அழுத்தி மிதித்தேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். "பிரேக் நல்லாத்தான் புடிக்குது. சக்கரம்தான் நிக்காம பின்னால போகுது."

மைனரின் முன் சஸ்பென்ஷனில், கீழ்க் கையிலிருந்து முன்னோக்கி ஒரு டை பார் போய் சேஸிஸில் ரப்பர் புஷ்ஷோடு மாட்டியிருக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தைப் பின்னால் போகவிடாமல் தாங்குவது அதுதான். ஒரு பக்க ரப்பர் நைந்துவிட்டால், மிதிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கச் சக்கரம் கொஞ்சம் பின்னால் போகும், அதோடு அதன் திசையும் மாறும். ஓட்டுகிறவருக்கு அது அப்படியே பிரேக் இழுப்பதுபோல்தான் இருக்கும். அந்த ரப்பரின் விலை, நான் அதற்கு முன் செலவழித்ததன் பக்கத்தில்கூட வராது. ஆறு வருடம் நின்ற வண்டியில் இந்த ரப்பர் கல்லாகியோ நொறுங்கியோதான் இருக்கும். பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்.

அங்கேயே குனிந்திருக்கும்போது கிங்பின்னின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) கீழே இருக்கும் டிரன்னியன் என்ற இணைப்பையும் பாருங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக்கூடாது. அது திருகு மரையில் தொங்கும் அமைப்பு. கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்துபோனால் ஒருநாள் சக்கரம் கழன்று மடிந்துவிடும். மைனரின் பிரபலமான வியாதி இது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடித்தால் வராது. மேலே லீவர் ஷாக் அப்சார்பரின் கைதான் சஸ்பென்ஷனின் மேல் கையும். அதன் அச்சு தேய்ந்திருந்தாலும் சக்கரம் ஆடும். பின்னால் லீஃப் ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யு-போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று ஒரு ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஹேண்ட் பிரேக்குக்குப் பின்சக்கரம் ஒன்றுக்கு ஒரு கேபிள், இரண்டும் லீவரிடமே தனித்தனியாக அட்ஜஸ்ட் ஆகும். ஒன்று மட்டும் இறுகியிருந்தால் அந்தச் சக்கரம் எப்போதும் தேய்ந்துகொண்டிருக்கும்.

எல்லாம் பூட்டியாகிவிட்டது என்றால் இனி அட்ஜஸ்ட்மென்ட். முன்சக்கரத்தில் ஷூவுக்கு ஒன்றாக இரண்டு அட்ஜஸ்டர். டிரம்மில் இருக்கும் துளையை ஒவ்வொன்றுக்கும் நேராகக் கொண்டுவந்து, ஸ்க்ரூடிரைவரால் கடிகாரச் சுற்றில் திருகுங்கள். டிரம் முழுதாகப் பூட்டிக்கொள்ளும்வரை திருகிவிட்டு, ஒரு பல் மட்டும் பின்னால் விடுங்கள். பிறகு பெடலை இரண்டு முறை அழுத்தி மிதியுங்கள், ஷூக்கள் தம் இடத்தில் உட்காரும். மறுபடி பாருங்கள். பெரும்பாலும் இன்னும் ஒரு பல் போகும். லேசான உரசல் சத்தம் பரவாயில்லை, சுழற்றக் கஷ்டமாக இருக்கக்கூடாது. இரண்டு பக்கமும் இதே முறை. உங்கள் வலது சக்கரத்தில் எத்தனை பல் தளர்த்தினார் என்று இப்போது தெரிந்துவிடும்.

அட்ஜஸ்ட் செய்த பிறகுதான் பிரேக் குழாய்களிலிருந்து காற்றை எடுக்க வேண்டும், முன்பு அல்ல. மாஸ்டர் சிலிண்டர் வலது பக்கம் இருப்பதால், தூரமான இடது பின்சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், கடைசியாக வலது முன். நிப்பிளில் உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, ஆயில் இருக்கும் பாட்டிலுக்குள் விட்டு, குமிழ் நிற்கும்வரை. தரைவிரிப்புக்குக் கீழே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துடைத்துவிடுங்கள். அறுபது வருட மண் அங்கேதான் குடியிருக்கும், ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் புது கப் கிழியும். நடுநடுவே ஆயில் மட்டம் இறங்காமல் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

ஆயில் பற்றி ஒரு வார்த்தை, நீங்கள் மலையில் இருப்பதால். டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறினால் 140. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் 7 அங்குல டிரம் சூடாவதற்கு இந்த எண்கள் அதிகமில்லை. கொதித்து ஆவியானால் பெடல் நேராகத் தரைக்குப் போகும், ஒரே சுற்று என்பதால் மிச்சம் எதுவும் இருக்காது. டாட் 4 ஊற்றி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். சிலிகான் ஆயிலைக் கொண்டுவந்து இதோடு கலக்காதீர்கள்.

புது லைனிங் பதிய 200, 300 கிலோமீட்டர் ஆகும். அதுவரை மெலிதாக ஒரு பக்கம் இழுத்தாலும் அவசரப்பட்டு எதையும் தளர்த்தாதீர்கள். சமதளத்தில் ஓட்டி, நிதானமாக மிதித்துப் பதிய விடுங்கள். பிறகு அட்ஜஸ்டரை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும், ஒரு பல்லாவது போகும். மழையில் தேங்கிய தண்ணீரைக் கடந்தபின் இழுத்தால் அது டிரம்முக்குள் புகுந்த தண்ணீர். பெடலை லேசாகப் பிடித்தபடி நூறு மீட்டர் ஓட்டினால் காய்ந்துவிடும்.

அதுவரை மலைக்குக் கீழே இறக்க வேண்டாம். கோயம்புத்தூர் லேத்துக்குச் சிலிண்டரையும் டிரம்மையும் பஸ்ஸில் எடுத்துப் போங்கள். இடது சக்கரத்தைக் கழற்றியதும் மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் இரண்டில் எது உறைந்திருந்தது என்று எழுதுங்கள். என் ஊகம் கீழே இருப்பது, ஈரமும் அழுக்கும் அங்கேதான் தேங்கும்.